நான்காவது புட்டி

குதிருக்குள் கைவிட்ட உடையப்பன் வெளியே எடுத்தது காப்பித்தூள் பொட்டலம். முகர்ந்தால் விரதம் கெட்டுவிடும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டார். அமராவதிபுதூர் காப்பி விலக்குச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர்.

"யாருக்குடி இது?"

மனைவி சின்னத்தாயி தலை நிமிரவில்லை. "நான் ஒரு சொட்டுக் குடிச்சதில்ல."

"பின்னே குதிரா குடிச்சுச்சு?"

காலையிலிருந்தே அவருக்குத் தலை இடித்துக்கொண்டிருந்தது. கையை ஓங்கினார். ஓங்கிய கைக்கு அவள் சுக்குக் கசாயத்தை நீட்டினாள்.

நாலு மடக்கு உள்ளே போனதும் கொஞ்ச நேரத்தில் இடி நின்றது. வாய் மட்டும் நிற்கவில்லை.

"நாளைக்கு அழகுசுந்தரம் வாராரு. மதராஸ்ல சோதனைச்சாலையில வேலை. எதுல காப்பிச் சத்து இருக்கு, எவ்வளவு இருக்குன்னு புட்டுப் புட்டு வச்சுருவாரு. நீ குடிக்கிறது தெரிஞ்சுச்சு, அன்னைக்கே வண்டியைப் பூட்டிக் கல்லல் ஊருல உங்கப்பன் வீட்டுல இறக்கிருவேன்."

அழகுசுந்தரம் வந்தார். அடுக்களையில் இருந்த நீராகாரம், மோர், கூழ் எல்லாவற்றையும் புட்டிக்கு ஒன்றாக ஊற்றிக்கொண்டார். "ஐயா குடிக்கிறதுலயும் கொஞ்சம் வேணும்."

"தாராளமா எடுங்க. சுக்கோட மகிமை மதராஸுக்கும் தெரியட்டும்."

மூன்றாம் நாள் சங்கம் முழுவதும் உடையப்பன் வீட்டுக் கூடத்தில் கூடியது. வாசலில் வண்டி பூட்டி நின்றது.

அழகுசுந்தரம் நான்கு புட்டிகளை வரிசையாக வைத்தார். மூன்று நிறம் மாறவில்லை. நான்காவது ஊதாவாக மாறியிருந்தது.

"காப்பிச் சத்து இருந்தாத்தான் இந்த ஊதா வரும். ஒரு நாளைக்கு நாலு டம்ளர்னா மூணு குன்றிமணி எடைக்கு உள்ள போகுது. காரைக்குடியில காப்பி கிளப் காப்பி கிளப்பா ஏறி இறங்கிக் கணக்கெடுத்தவன் நான். இப்படிக் குடிக்கிற ஆளைப் பாத்ததில்ல."

"கேட்டீகளா!" உடையப்பன் துள்ளி எழுந்தார். "ஏறுடி வண்டியில!"

"இது நீங்க குடிக்கிற கசாயம்," என்றார் அழகுசுந்தரம்.

சங்கப் பொருளாளர் பொன்னழகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தியும் பயனில்லை.

"தலைவரே, இப்ப வண்டியில யாரு ஏறுறது?"

சிரிப்பு அடங்கும்வரை உடையப்பன் ஊதாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதவோரம் நின்ற சின்னத்தாயியிடம் பாய்ந்தார்.

"எத்தனை நாளாடி இந்தத் துரோகம்?"

"ரெண்டு வருசமாச்சு. சளிக்கு நல்லதுன்னாக, கசாயத்துல காப்பித்தூள் போட்டேன். ருசியா இருக்குன்னீக."

"சளி போனதும் நிறுத்தித் தொலைக்க வேண்டியதுதானே?"

"நாலு நாள் நிறுத்திப் பாத்தேன். நாலு நாளும் அடிச்சீக."