நிமிர்ந்து நின்ற தேங்காய்

சாயப்பட்டறை முதலாளி ஆள்விட்டுக் கூப்பிட்டபோது, குடிதண்ணீருக்குத்தான் இடம் பார்க்கச் சொல்கிறார் என்று நீரோட்டம் பார்க்கும் செங்கோடன் நினைத்தார். குடுமித் தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்தபடி வளாகம் முழுக்க நடந்தார். பின்சுவர் ஓரம் வந்ததும் தேங்காய் தானாக எழுந்து நின்றது.

"நல்ல ஊத்துங்க. கெழக்கே போகுது."

போர் போட்டார்கள். தண்ணீர் பீறிட்டது. செங்கோடனுக்கு மாலை போட்டு அனுப்பினார்கள்.

மறுவாரம் அந்தப் பக்கம் போனவர் உள்ளே எட்டிப் பார்த்தார். போர்க்குழிக்கு மோட்டாரே மாட்டவில்லை. கழிவுத்தொட்டியிலிருந்து வந்த குழாய் ஒன்று அதற்குள் இறங்கியிருந்தது. கருநீலச் சாயத்தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"உங்க கை ராசிங்க," என்று சிரித்தார் முதலாளி. "எத்தனை விட்டாலும் குடிச்சுக்குதுங்க."

செங்கோடன் பையிலிருந்த தேங்காயை எடுத்தார். அதைக் கையில் ஏந்தி, ஊற்று போகும் வழியே கிழக்கே நடந்தார். படுத்துக்கொள், படுத்துக்கொள் என்று வாய்க்குள்ளேயே கெஞ்சினார். அது சோளக்காட்டிலும் நின்றது, தார்ச்சாலையைத் தாண்டியும் நின்றது. குடுமியைப் பிடித்துத் தரையில் ஓங்கி அடிக்கலாமா என்று வந்தது அவருக்கு. கடைசியில் எதிரே ஊர் அடிகுழாய் தெரிந்தது.

தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த பாவாத்தாள் அவர் கையைப் பார்த்துப் பூரித்துப்போனாள்.

"அட, நம்ம கொழாயடியிலயும் நிக்குதுங்களே மாமா! இந்தக் கோடைக்கு வத்தாதுங்களா?"

"வத்தாது கண்ணு," என்றார் செங்கோடன். உள்ளங்கையைச் சாய்த்துப் பார்த்தார். தேங்காய் அசையவில்லை.