வால்புர்கா சீமாட்டியின் பாவாடை

"ஒரு இறகுகூட இந்தக் கூடாரத்தைத் தாண்டக் கூடாது. கொடுங்க அந்தக் கிளியை!"

வால்புர்கா சீமாட்டி கையை நீட்டினார். இளவரசி கிளாரிஸ் கூண்டை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

ஆற்றின் நடுத்திட்டில் போட்ட கூடாரம் அது. மோன்லூர் பக்கம் ஒரு வாசல், எங்கள் வால்ட்பெர்க் பக்கம் ஒரு வாசல். எங்கள் கோமகன் வீட்டுக்கு வாழவரும் பெண் அந்த வாசலில் பிறந்த வீட்டு உடையோடு நுழைவாள். உள்ளே எல்லாவற்றையும் களைந்துவிட்டு, எங்கள் ஊர் உடை உடுத்தி இந்த வாசலில் வெளியே வருவாள். பிறந்த நாட்டுப் பொருள் ஊசிமுனை அளவு கூட வந்தாலும் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதைக் கவனிப்பதுதான் சீமாட்டியின் உத்தியோகம்.

"சீமாட்டி, இது எங்க அப்பா குரல்லயே பேசும். அங்க என் பாஷை பேச எனக்கு வேற யாரு இருக்கா?"

"எங்க பாஷையைப் பேசுங்க. அதுவும் பாஷைதான்."

கூண்டைப் பிடுங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது கூண்டு காலி.

"பறந்துபோச்சு. உங்க ராஜாகிட்ட சொல்லிடுங்க" என்று கூண்டை மோன்லூர் தோழிகளிடம் வீசினார்.

"இந்தப் பனியிலயா? பாவி, செத்துப்போயிடுமே!" என்றாள் ஒருத்தி.

"பாவாடை மட்டும் பந்தல் மாதிரி. மனசு கடுகுதான்" என்றாள் இன்னொருத்தி.

கூடாரத் துணி மெல்லிசு. வெளியே வண்டிக்காரன் இருக்கையில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது.

அந்தப் பாவாடையைப் பற்றி அவள் சொன்னதில் தப்பில்லை. உள்ளே பிரம்பு வளையங்கள் வைத்துத் தைத்தது. அதற்காகவே அரண்மனைக் கதவுகளில் பாதியை இடித்துக் கட்டினார்கள். சீமாட்டி சட்டென்று திரும்பினால் நாற்காலிகள் சாயும். ஒருமுறை பாதிரியாரே சாய்ந்திருக்கிறார். இந்த வயதில் என்ன பகட்டு என்று ஊரே சிரிக்கும்.

எங்கள் பக்கத்து வாசலில் மந்திரி ஓட்டோகார் பிரபு காத்திருந்தார். அழுது சிவந்த கண்களோடு இளவரசி வந்தாள். கொண்டை ஊசியிலிருந்து காலணி வரை பார்த்துவிட்டு மந்திரி தலையசைத்தார். பின்னாலேயே சீமாட்டி, மிக மெதுவாக, அன்னநடை போட்டு வந்தார்.

அப்போதுதான் பாவாடைக்குள்ளிருந்து ஒரு கட்டைக் குரல், மோன்லூர் பாஷையில் அதட்டியது:

"கதவைச் சாத்துங்கடா, குளிருது!"

இளவரசியின் கால் நின்றுவிட்டது. நல்லவேளை, மந்திரிக்கு அந்தப் பாஷை தெரியாது.

"என்ன சத்தம் அது, சீமாட்டி?"

"என் வயிறு. நேத்து சாப்பிட்ட புளிச்ச முட்டைக்கோஸ்."

"ஆம்பளைக் குரல் மாதிரி இருந்ததே?"

"இந்த வயசுல வயிறு என்ன குயில் மாதிரியா கூவும்? சந்தேகமா இருந்தா குனிஞ்சு பாருங்க, பிரபு. ஊரே பார்த்துக்கிட்டுதான் இருக்கு."

மந்திரியின் முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. தொப்பியைக் கழற்றி வழிவிட்டார். அன்று மாலைக்குள் சீமாட்டியின் வயிறு தலைநகரம் முழுக்கப் பிரசித்தம்.

வண்டி கிளம்பியதும் சீமாட்டி பாவாடை விளிம்பைச் சற்றே தூக்கினார். கிளி வெளியே நடந்து வந்து, சிறகை உதறி, "கழுதைகளா!" என்றது.

அப்பா குரல். இளவரசி அதை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள்.

"மாட்டியிருந்தா உங்க உத்தியோகமே போயிருக்குமே, சீமாட்டி!"

"போடி பொண்ணே, கிளிக்குப் போயா பயப்படுவாங்க? உன் மூத்த ஓரகத்தி வந்தப்போ அவளோட கிழ ஆயா இந்தப் பாவாடைக்குள்ள இருந்தா. குந்திக்கிட்டே நடந்தா. போதாக்குறைக்குத் தும்மல் வேற. அவளுக்குச் சேர்த்து நான் தும்ம வேண்டியதாப் போச்சு."

"எதுக்காக இதெல்லாம் செய்யறீங்க?"

சீமாட்டி பாவாடை மடிப்பை நீவிவிட்டார்.

"நானும் ஒரு காலத்துல இப்படி ஒரு கூடாரத்தைத் தாண்டி வந்தவதான். அப்போ இந்த உத்தியோகத்துல இருந்தவ இறுக்கமான பாவாடை கட்டியிருந்தா."

உடனே கைத்தடியால் வண்டிக் கூரையைத் தட்டினார்.

"டேய் வண்டிக்காரா! ஊருக்குள்ள நுழைஞ்சதும் தையல்காரன் வீட்டு வாசல்ல நிறுத்து. பாவாடையை இன்னும் ரெண்டு முழம் அகலமாக்கணும். அடுத்த வருஷம் வரப்போற மருமகளுக்கு, ஆளுயர யாழ் இல்லாம தூக்கமே வராதாம்!"