ஏழு கிலோ இடம்

பெட்டியை அணைத்துக்கொண்டு அவர் எடை மெஷின் மேல் ஏறினார்.

பெட்டியை அப்படியே வைத்தால் அது மெஷினை மூடிவிடும். எண் தெரியாது. அதனால்தான் இந்த வழி. அவர் பெட்டியோடு நிற்பார், அவள் குனிந்து படிப்பாள். வந்ததில் அவர் எடையைக் கழித்தால் மிச்சம் பெட்டி.

"எண்பத்து நாலு."

"என்னைக் கழி. அறுபத்தெட்டு."

பதினாறு.

அவளால் நம்ப முடியவில்லை. காலையிலிருந்து திணித்துக்கொண்டே இருக்கிறாள். விமானத்தில் இருபத்து மூன்றுக்கு மேல் விடமாட்டார்கள்.

"இன்னும் ஏழு கிலோ இடம் இருக்கு செண்பகம். போடு, உன் பாட்டிலை எல்லாம்."

சொல்லிவிட்டுப் பெட்டியை இறக்கினார். மூச்சு வாங்கியது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார்.

நாளைக் காலை விமானம். இஸ்தான்புல்.

பாஸ்போர்ட் கைப்பையில் இருக்கிறதா என்று அவள் மறுபடி பார்த்தாள். இருந்தது. கொஞ்ச நேரம் முன்பும் இருந்தது.

அவள் பயமெல்லாம் விமான நிலையத்தைப் பற்றித்தான். போன வருஷம் அவள் நாத்தனாரை எல்லோர் முன்னாலும் பெட்டியைத் திறக்க வைத்தார்கள். உள்பாவாடை தரையில் கிடந்தது. சீருடைக்காரர் ஒருவர் மாவடு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாராம். அதைச் சொல்லும்போது நாத்தனாருக்கு இன்றைக்கும் முகம் சுண்டிப்போகும்.

இடம் இருக்கிறது என்றதும் அவளுக்குக் கை ஓடியது. வேண்டாம் என்று எடுத்து வைத்ததையெல்லாம் திரும்ப அடுக்கினாள்.

புளிக்காய்ச்சல். பருப்புப்பொடி. எலுமிச்சை ஊறுகாய், வாயில் பாலிதீன் கட்டி ரப்பர் பேண்ட் போட்டு. அந்த ஊர்ச் சாப்பாடு அவருக்குப் பிடிக்காமல் போனால்?

இங்கேயே பிடிக்கவில்லை. கொஞ்ச நாளாகத் தட்டில் பாதிச் சோறு மிஞ்சுகிறது.

கெட்டில். அவருடைய புது ஷூ. ஸ்வெட்டர் இரண்டு.

முதலில் போட்ட திட்டம் ஏப்ரல் மாதத்துக்கு. அப்போதுதான் ஊர் முழுக்க டூலிப் பூத்திருக்கும் என்று வருஷம் பூராவும் போனில் படம் காட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான். படகில் ஏறினால் டீ குடித்து முடிப்பதற்குள் இன்னொரு கண்டத்தில் இறங்கலாம் என்பார். கடைக்காரர்கள் பூனைக்குத் தண்ணீர் வைக்கிற ஊர் என்பார்.

பிறகு திடீரென்று மாற்றினார். டிசம்பரிலேயே ஒரு குழு கிளம்புகிறது, இடம் இருக்கிறது, போய்விடலாம்.

"டூலிப்?"

"பூ எங்க போயிடப் போகுது? கடலைப் பார்த்தாப் போதும்."

குளிருமே என்றாள். குளிரட்டும் என்றார்.

மறுபடி ஏறினார். இந்தத் தடவை பெட்டி அவர் நெஞ்சுவரை வரவில்லை. அவள் அடியில் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, கையை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

"தொண்ணூத்தொண்ணு."

"பார்த்தியா? அளந்து வெச்ச மாதிரி இருபத்து மூணு."

பெல்ட்டை ஏற்றிவிட்டுக்கொண்டு முகம் கழுவப் போனார். பெல்ட்டில் அவரே ஆணியால் போட்ட ஓட்டை. தையல்காரன் பேண்ட்டை லூசாகத் தைத்துவிட்டான் என்று சொல்லியிருந்தார்.

பெட்டியைச் சுவரோரம் வைக்கலாம் என்று அவள் கைப்பிடியைப் பிடித்தாள்.

பெட்டி எழும்பவில்லை.

அவள் கைக்குக் கனம் தெரியும். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை வாசலிலிருந்து சமையலறைக்குத் தூக்கிப் போகிறவள் அவள்தான். இது அதைவிடக் கனம், முப்பதாவது இருக்கும்.

மெஷின் கெட்டிருக்கும்.

தானே ஏறி நின்றாள். போன வாரம் சர்க்கரை பார்க்கப் போன இடத்தில் காட்டிய அதே எண்.

மெஷின் கெடவில்லை.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

அவருடைய அறுபத்தெட்டைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள்? அவளுக்கு நினைவில்லை. கல்யாண கோட் இன்றைக்கும் எனக்குச் சேரும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். அந்தப் பெருமையோடு அந்த எண்ணும் அப்படியே நின்றுவிட்டது. இன்றைக்கும் அதைத்தான் கழித்தார்கள்.

மெஷின் சரி. பெட்டியும் கனக்கிறது.

குறைந்திருப்பது பெட்டி இல்லை.

துண்டால் முகத்தைத் துடைத்தபடி அவர் வந்தார். துண்டுக்கு மேலே கழுத்தெலும்பு. அதை அவள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"என்னங்க, ஒரு தடவை வெறுமனே ஏறுங்களேன்."

"எதுக்கு? என்னையும் பெட்டியில போட்டு மூடப் போறியா?"

"சும்மாதான். ஏறுங்க."

அவர் மெஷினைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

பிறகு காலால் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். மெதுவாக, சத்தம் வராமல்.

"போயிட்டு வந்து ஏறுறேன், செண்பகம்."

கூடத்துக்குப் போய்விட்டார். போனில் யாரோ எடுத்த வீடியோ ஓடியது. படகு, காற்று, கடற்பறவைகளின் கத்தல்.

அவள் பெட்டியைத் திறந்தாள். கடைசியாகப் போட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் போர்வை மேல் வைத்தாள். பாட்டில்கள், பொடி, கெட்டில், ஷூ, ஸ்வெட்டர்.

ஏழு கிலோ. கட்டிலில் பாதியை அடைத்துக்கொண்டது.

அவ்வளவும் அவரிடமிருந்து போயிருக்கிறது. பக்கத்தில் படுத்திருந்தவளுக்குத் தெரியவில்லை.

ஸ்வெட்டர்களை மட்டும் திரும்பப் பெட்டியில் வைத்தாள். அங்கே குளிரும்.

போர்வையின் நான்கு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, மூட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன, பெட்டியை மூடிட்டியா?" கூடத்திலிருந்து கேட்டார்.

"மூடிட்டேன்" என்றாள், மூட்டையை இறக்காமல்.