விற்றது விற்றதுதான்

"சார், என்னோட விஸ்கியை எடுத்துட்டுப் போக வந்திருக்கேன்."

பேராசிரியர் செலிக் கதவைத் திறந்து பார்த்தார். வாசலில் நின்றவள் அவருடைய மாணவி பிரிஜிட். தெருவில் அவள் அண்ணனின் பிக்கப் வண்டி, பின்பக்கத்தைத் திறந்துபோட்டுத் தயாராக நின்றது.

"எந்த விஸ்கிம்மா?"

"உங்க அலமாரியில பூட்டி வெச்சிருக்கீங்களே, அதுதான். போன வாரம் ரபிகிட்ட முன்பணம் கொடுத்து வாங்கினேனே, மறந்துட்டீங்களா?"

மறக்கக்கூடிய விஷயமா அது? யூதர்களின் பஸ்கா பண்டிகை முடியும்வரை புளித்த மாவுச் சமாசாரம் எதுவும் யூதருக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது. ரொட்டி, பிஸ்கட், பீர், பார்லியில் காய்ச்சிய விஸ்கி எல்லாம் அதில் அடக்கம். விஸ்கியைக் கொட்டிவிட யாருக்கு மனசு வரும்? அதனால் கால்ஃபீல்டு பகுதி யூதர்கள் எல்லாருடைய சரக்கையும் அவர்களுடைய மதகுருவான ரபி மொத்தமாக யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிடுவார். சரக்கு அவரவர் வீட்டிலோ கடையிலோ, இருந்த இடத்திலேயே பூட்டிக் கிடக்கும். பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிவிடுவார். இந்த வருஷம் வாங்கியவள் பிரிஜிட். சிபாரிசு செய்ததே செலிக்தான்.

பல்கலைக்கழகத்தில் யூதவியல் வகுப்பை இரண்டு பேர் சேர்ந்து நடத்தினார்கள். சட்டத்துறையிலிருந்து செலிக், சரித்திரத்துறையிலிருந்து டோரிட் லிப்மன். பாடத்தைக் கேட்பதைவிட இவர்கள் சண்டையைப் பார்க்கத்தான் பிள்ளைகள் தவறாமல் வந்தார்கள்.

"இந்த விற்பனை வெறும் நாடகம். வாங்கினவங்க யாராவது வந்து சரக்கை எடுத்துட்டுப் போயிருக்காங்களா?" என்பார் டோரிட்.

"சுத்தமான கிரயம்! வாங்கினவங்க வந்து நின்னா, மறுபேச்சு பேசாம அலமாரியைத் திறந்துவிடுவேன்" என்று மேஜையைக் குத்துவார் செலிக்.

இதோ, வந்து நின்றாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அதே தெருக்காரரான டோரிட்டும் செலிக் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

சமையலறையிலிருந்து செலிக்கின் மனைவி கீட்டா ஓடிவந்தாள்.

"என்னங்க இது அநியாயமா இருக்கு! நம்ம பொண்ணு டிர்சா பிறந்த அன்னிக்கு வாங்கி, அவ கல்யாணத்துக்குன்னு பொத்திப் பொத்தி வெச்ச பெட்டிங்க அது. ஜூன்ல கல்யாணம். சம்பந்தி வீட்டுல வேற அந்த விஸ்கியைப் பத்தி அவ்வளவு பீத்தி வெச்சிருக்கீங்க!"

"மேடம், மன்னிச்சுக்குங்க" என்றாள் பிரிஜிட். ஆனால் நகரவில்லை.

டோரிட் கோப்பையோடு எழுந்து வந்தார். "எதுக்கு செலிக் இவ்வளவு கஷ்டம்? முடியாதுன்னு சொல்லி அனுப்புங்க. நாளைக்கு வகுப்புல 'ஆமா பிள்ளைங்களா, டோரிட் மேடம் சொன்ன மாதிரி நாடகம்தான்'னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

செலிக் திரும்பி அலமாரியைப் பார்த்தார். மகள் கல்யாணத்தில் தன் கையால் அந்தப் புட்டியைத் திறந்து ஊற்றுவதை எத்தனை முறை கற்பனை செய்து பார்த்திருக்கிறார்! திறந்துவிட்டால் அது போச்சு. மறுத்தால், இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் பொய்.

"கீட்டா, சாவியைக் கொடு."

"தர மாட்டேன்."

"அடுத்தவங்க பொருளைப் பூட்டி வெச்சுக்கிட்டா அதுக்குப் பேரு வேற. கொடும்மா."

கீட்டா சாவியை மேஜைமேல் விட்டெறிந்தாள். செலிக் அலமாரியைத் திறந்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"நான் தொட மாட்டேன். உன் பொருள், நீயே தூக்கிக்கோ. அடியில கை கொடுத்துத் தூக்கு. மெதுவா... படி இருக்கு, பார்த்து!"

பெட்டி வாசலைத் தாண்டியது. செலிக்கின் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவருக்கே ஆச்சரியமாக, அடிவயிற்றிலிருந்து ஒரு சந்தோஷமும் பொங்கிக்கொண்டு வந்தது.

"பார்த்துக்கிட்டீங்களா டோரிட்? வந்தா, கேட்டா, எடுத்துட்டா! இப்ப எழுதுங்க உங்க சரித்திரத்துல!" என்று துள்ளினார்.

"ஆமா, குதிங்க" என்றாள் கீட்டா. "கல்யாணத்துல சம்பந்திக்கு சட்டத்தை ஊத்திக் கொடுங்க."

டோரிட்டின் முகம்தான் சுருங்கிப்போயிருந்தது. கோப்பையை வைத்துவிட்டு வாசலுக்கு விரைந்தார்.

"பிரிஜிட், போதும்மா. பெட்டியை எறக்கி வை." பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க செலிக். இவளை அனுப்பினதே நான்தான். விஸ்கின்னதும் நீங்க பின்வாங்கிடுவீங்க, நாளைக்கு வகுப்புல வெச்சு ஓட்டலாம்னு நெனச்சேன்."

"அடிப்பாவி!" என்றாள் கீட்டா.

பிரிஜிட் பெட்டியை இறக்கவில்லை. வண்டியில் பத்திரமாக வைத்து, பின்கதவைச் சாத்தினாள்.

"நாடகமா இருந்திருந்தா எறக்கி வெச்சிருப்பேன் மேடம். இது நெசம்னு சார் இப்பத்தானே நிரூபிச்சாரு? ஏறுங்க வண்டியில. பண்டிகைக்குப் பூட்டிக் கிடக்கிற உங்க வீட்டுக்காரரோட மதுக்கடைச் சரக்கு பூராவையும் ரபி எனக்குத்தான் வித்திருக்காரு. சார், நீங்க கவலைப்படாதீங்க. டிர்சா கல்யாணத்துக்கு இந்தப் பெட்டியோட, மேடம் கடையிலேர்ந்து இன்னும் நாலு பெட்டி சேர்த்து மொய் வெச்சிடறேன்!"