ஆளுக்கு ஒரு நிமிஷம்

“சாப்பிட்டியா? நேத்து வச்சதையே சுட வச்சு ஒப்பேத்தாதே. வெளிய கிளம்பினா சாவியை மீட்டர் பெட்டி மேலேயே வை, இடம் மாத்தி வச்சுட்டுத் தேடாதே.”

டிரில்லிங் மேஸ்திரி போனில் குழைந்த குழைவில், பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். துருவக் கடலில் துளை போட்டு அடிமண்ணை எடுக்கப் போகிற ஆராய்ச்சிக் கப்பல் அது. இன்னும் ஒரு மணி நேரத்தில் கிளம்புகிறது.

சாட்டிலைட் போன் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும், ஆளுக்கு ஒரு நிமிஷம் வீட்டுக்குப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு, ரேடியோக்காரர் மேல் தளத்தில் ஆன்டெனாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன மேஸ்திரி, அண்ணியை விட்டுட்டு வர மனசே இல்ல போலிருக்கே?” என்றார் சமையல்காரர்.

“சும்மா இருய்யா, அவ காதுல விழப் போகுது.” காலை முழுக்கத் துளைக் குழாய்களுக்குத் தடவிய கிரீஸ் காயாத கையால் மேஸ்திரி போனைப் பொத்திக்கொண்டார்.

அவர் காதில் மணிதான் அடித்துக்கொண்டிருந்தது. ஆளில்லாத வீட்டில், பூட்டிய கதவுக்குப் பின்னால் அடிக்கிற மணி. காலையில் அவரே பூட்டி, அவரே சாவியை மீட்டர் பெட்டி மேல் வைத்துவிட்டு வந்திருந்தார்.

கடலே கதியென்று கிடக்கிறவரோடு குடும்பம் நடத்த முடியாது என்று மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு போய் நாலு வருஷமாகிறது. கப்பலில் ஒருத்தரிடமும் அவர் மூச்சு விட்டதில்லை. தெரிந்தால் ‘ஐயோ பாவம்’ என்று பார்ப்பார்கள். அந்தப் பார்வையோடு ஆறு மாதம் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட அவரால் முடியாது.

“நிமிஷம் முடியப் போகுது மேஸ்திரி,” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“சரி, வச்சிடறேன். ஆறு மாசம்தான், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுவேன். உடம்பைப் பாத்துக்கோ.”

மணி சட்டென்று நின்றது. லைன் போய்விட்டது என்று போனை வைக்கப் போனார்.

மறுமுனையில் யாரோ ஓடி வந்து எடுத்ததுபோல் மூச்சு வாங்கியது. நாலு வருஷமாகக் கேட்காத குரல்.

“அவர் வெளிய போயிருக்காருங்க. சாவி பழைய இடத்துலயே இருந்துச்சு, இப்ப வந்துடுவாரு.”