சத்தம் போடாத பெப்பர்

"இன்னொரு தடவை உறுமினான்னா, நாய்க் காப்பகத்துல விட்டுட்டு வந்துடுவேன்," என்றான் டாரில்.

அவன் மனைவி லோர்னா பயந்துபோனாள். அன்றிலிருந்து அந்தச் சிவாவா நாய்க்குட்டி உறுமினால் போதும், முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாள். ஒரே வாரத்தில் பெப்பர் அடங்கிவிட்டது.

"பரவாயில்லையே, பூனையாவே மாத்திட்டியே!"

சிரித்தபடி டாரில் அதன் தலையைத் தடவினான். சத்தமே இல்லாமல் அவன் விரலைக் கடித்துக் கிழித்தது பெப்பர்.

அன்றே காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த மருத்துவர் பெப்பரின் காதை விரித்துப் பார்த்தார்.

"உள்ள சீழ் கட்டியிருக்கு. ரொம்ப நாள் வலி. தலையத் தொட்டாலே உயிர் போயிருக்கும். கடிக்கிறதுக்கு முன்னாடி உறுமிக் காட்டியிருப்பானே?"

"காட்டினான், டாக்டர்," என்றாள் லோர்னா, பெப்பரின் முகத்தைப் பார்க்க முடியாமல். "நான்தான் சொல்ல விடல."