ஓரத்து இடம்

ஆலைச் சங்கு ஊத இன்னும் சற்று நேரம் இருந்தது. புரொபசர் நாற்காலியைக் கட்டிலுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்த வீட்டில் நாற்காலி ஒன்றுதான். கூட வந்த மாணவர்கள் சுவரில் சாயாமல் நின்றார்கள். சட்டையில் சுண்ணாம்பு ஒட்டிவிடுமே என்ற கவலை முகத்தில் தெரிந்தது. பிலோமிக்கு அவர்கள்மேல் கோபமில்லை. இது பிறர் வீடாயிருந்தால் தானும் அப்படித்தான் நிற்பாள்.

கோபமெல்லாம் அம்மாமேல்.

வாசலில் சிலுவையம்மாள் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், உள்ளே கேட்கட்டும் என்றே. "எம் புள்ளைய வேடிக்க பாக்க வந்துகீறாங்க. டிக்கெட்டு போடலாமான்னு பாக்குறேன்."

ராயபுரத்தின் அந்தத் தெருவிலிருந்து காலேஜுக்குப் போனவள் பிலோமி ஒருத்திதான். மனோதத்துவம். 'மனநோய் சிகிச்சையில் இன்றைய பிரச்சினைகள்' என்று இந்த வருடம் ஒரு பாடம். மூளையில் அறுவை செய்வது சரிதானா என்று கட்டுரை எழுதவேண்டும். மற்றவர்கள் புத்தகத்தைப் பார்த்து எழுதினார்கள். அவளிடம் அண்ணன் இருந்தான்.

வால்டர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். யுத்தத்தின்போது அங்கே குண்டு விழுந்த இரவு வேலையில் இருந்தான். அதற்குப் பிறகு, சாயங்காலம் ஆலைச் சங்கு ஊதினால் போதும், கைக்கு அகப்பட்டவரை இழுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளித் தானும் புகுந்துகொள்வான். அம்மா, தங்கை, ரொட்டிக்காரர், ஒருமுறை கோயில் உபதேசியார்கூட. சங்கு அடங்கியதும் எழுந்து, லுங்கியைத் தட்டிவிட்டு, டீ கேட்பான்.

அதை நோய் என்று முதலில் சொன்னவள் பிலோமி. அம்மாவோ அதை வீட்டு வழக்கமாகவே ஆக்கி வைத்திருந்தாள். நேரம் நெருங்கினால் அடுப்பைத் தணித்துவிட்டுக் கட்டிலருகே வந்து உட்கார்ந்துவிடுவாள். மகன் தேடி அலையக் கூடாதாம். கட்டிலுக்கு அடியில் எப்போதும் ஒரு பாய், செம்பில் தண்ணீர். "நோய்க்குச் சோறு போட்டு வளர்க்கிறார்கள்" என்று பிலோமி வகுப்பில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

"அவன் யாருக்கு இன்னாடி பண்ணான்? தெனம் கொஞ்ச நேரம் படுத்துகினு கீறான். அதுக்குப் போயி மண்டைய தொளைப்பாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

தொளைத்தார்கள். பிலோமி பட்டினி கிடந்து அம்மாவைச் சம்மதிக்க வைத்தாள்.

இப்போது வால்டர் கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். இரண்டு நெற்றிப்பொட்டிலும் பளபளவென்று ஒரு தழும்பு. வந்தவர்களுக்குக் கைகூப்பி வணக்கம் சொல்லியிருந்தான்.

முன்பெல்லாம் அவள் புத்தகத்தைத் திறந்தாலே, "இன்னாடி, பைத்தியத்தப் பத்தி படிக்கிறியா, பைத்தியமாவுறதுக்குப் படிக்கிறியா?" என்று வம்புக்கு இழுப்பான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அப்படி ஒரு வார்த்தை இல்லை. அதையும் முன்னேற்றம் என்றுதான் எழுதியிருந்தாள்.

சங்கு ஊதியது.

வால்டரின் விரல்கள் நிற்கவில்லை. ஒரு கடலையை வாயில் போட்டான். அடுத்ததை எடுத்தான்.

புரொபசர் மாணவர்களைத் திரும்பிப் பார்த்தார், பந்தி நிறைந்ததைப் பார்க்கும் கல்யாணப் பெண்ணின் தகப்பனாரைப் போல.

அப்போதுதான் அம்மா உள்ளே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. மண்டியிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் நுழைந்தாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வால்ட்டரு, சங்கு ஊதுதுடா. வா நைனா."

ஒரு மாணவன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"நோயாளி யார் என்று நீ சரியாகச் சொல்லவில்லையே, பிலோமினா" என்றார் புரொபசர்.

பிலோமிக்குக் காது சுட்டது. இந்தப் பொம்பளைக்குப் போய் மகளாகப் பிறந்தோமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து கையை நீட்டினாள். அம்மா வெளியே வரவில்லை. நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டாள். அதை விடுவிக்கப் பிலோமியும் உள்ளே நுழைய வேண்டியதாயிற்று.

காலேஜில் சேர்ந்தபின், சங்கு நேரத்தில் அவள் வீட்டில் இருந்ததில்லை.

பாய் அப்படியே இருந்தது. செம்பில் தண்ணீர் நிரம்பியிருந்தது. சுவரோரம் அம்மாவின் இடம், நடுவில் அவளுடையது. உடம்பு தானாகவே அதில் போய்ப் பொருந்தியது. வாசலைப் பார்த்த ஓரம் அண்ணனுடையது. அவர்களைத் தள்ளிவிட்டுக் கடைசியில் வந்து, வாசலுக்கு முதுகைக் கொடுத்துப் படுப்பான். அந்த முதுகைத் தாண்டி அவள் எதையும் பார்த்ததில்லை.

இன்று அங்கே முதுகு இல்லை. வெளிச்சம் நேராகக் கண்ணில் அடித்தது. அதில் புரொபசரின் பூட்ஸ் தெரிந்தது.

'நோயாளி தன் உயிருக்குப் பயந்து ஒளிந்துகொள்கிறார்.' அவள் கட்டுரையின் முதல் வரி அது.

சங்கு இன்னும் அடங்கவில்லை. மேலே கட்டில் முனகியது. வால்டரின் கால்கள் தரையில் இறங்கின. அம்மாவின் பிடி இறுகியது.

கால்கள் சற்று நின்றன. பிறகு மெதுவாக நடந்துபோய்ப் பூட்ஸுக்கு முன்னால் நின்றன.

"சார், ரெண்டு பேருக்கும் ஒடம்பு சரியில்ல. என்னை இட்டுகினு போன ஆஸ்பத்திரிக்கே இட்டுகினு போங்க சார். அப்பறம் ஒண்ணுமே தெரியாது."

"பார்த்தீர்களா, என்ன ஒரு தெளிவு!" என்றார் புரொபசர்.

பிலோமி அம்மாவைச் சுவரோடு ஒட்டித் தள்ளினாள். பிறகு ஓரத்து இடத்துக்கு நகர்ந்து, பூட்ஸுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள்.